சேலம் ஜில்லாவும் சாராயக் கடையும்

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீராகவும், தடவாமல் விட்டால் சில மணி நேரத்திற்குள் நுரைத்துக் கள்ளாகவும் ஆகிற பனஞ்சாற்றைக் காட்டிலும், வெல்லத்தோடு வெள்வேலம்பட்டையை ஊறவைத்துப் புளித்தபின் காய்ச்சி வடித்த பட்டைச் சாராயமே நம் கிராமத்து வாலிபர்களை அதிகமாகப் பாழாக்கியது என்பது என் அபிப்பிராயம். ஆப்காரி என்னும் மதுவரி முறையில் கடைகள் ஏலத்தில் விடப்பட்டமையால், குத்தகைக்காரர் போட்ட முதலை மீட்க விற்பனையைப் பெருக்க வேண்டியவரானார். சர்க்காரின் வருமானமும் கூடவே பெருகிற்று. கூலி வாங்கிய சாயங்காலத்தில், மூத்தவர்களோடு சேர்ந்து விளையாட்டாக முதல் மிடறு குடித்த பையன், விவாகமாகிப் பிள்ளைகளும் பிறந்தபின், மனைவியின் தாலி அடகுக்குப் போன அன்றுதான் பச்சாத்தாபம் கொள்வான். அந்தப் பச்சாத்தாபம் சத்தியமானதே. ஆயினும் அவன் வீடு திரும்பும் வழியிலேயே கடை திறந்திருந்தது!

திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி, கல்கியின் துணையோடு நடத்திய ‘விமோசனம்’ பத்திரிகை இந்தத் துக்கத்தைத்தான் கதைகளாக்கி ஜனங்களிடம் கொண்டுசென்றது. பின்னர் அவரே சென்னை மாகாணத்தின் பிரதமராகி, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலாக்கினார். வருமான இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி விதித்தார். வரி நிலைத்தது. மதுவிலக்கோ 1971-இல் தளர்த்தப்பட்டது. அதை நம் ஏழைக் குடும்பங்களுக்கு நேர்ந்த பெருநஷ்டமென்றே நான் கருதுகிறேன்.