அளவை மாற்றுவதும் அளவை அறிவதும்: ஈஸ்ட் செல்லின் பிரிதல் குறித்து

மொட்டுவிட்டுப் பெருகும் ஈஸ்டில் தாயும் சேயும் சம அளவில் பிரிவதில்லை. நுண்ணோக்கியில் ஒரு பிரிவைத் தொடர்ந்து கவனித்தால், பருத்த தாய்ச் செல் விரைவிலேயே அடுத்த மொட்டை அரும்புவது தெரியும். ஒட்டிக் கிடக்கும் சிறிய சேயோ நெடுநேரம் மொட்டே இல்லாமல் பருத்துக்கொண்டிருக்கும். போதிய பருமன் சேர்ந்த பிறகுதான் அதுவும் அரும்பும். சேயைக் காத்திருக்க வைப்பது எது?

1977இல் ஜான்ஸ்டன், பிரிங்கிள், ஹார்ட்வெல் மூவரும் இதற்குத் திசை காட்டினர். பிரிதல் சுழற்சியை நிறுத்திவைத்தாலும் செல் தொடர்ந்து பருக்கிறது. ஊட்டத்தைக் குறைத்து வளர்ச்சியை ஒடுக்கினால், பிரிவதென்று செல் உறுதிகொள்ளும் ‘ஸ்டார்ட்’ கட்டத்தை அது கடப்பதில்லை. வளர்ச்சிக்குப் பிரிதல் தேவையில்லை, பிரிதலுக்கு வளர்ச்சி தேவை. இதில் எனக்கு ஐயமில்லை. செல் தன் அளவை எப்படி அறிகிறது என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளில் பல வேறொன்றையே நிறுவுகின்றன என்பதுதான் என் வாதம்.

பால் நர்ஸ் எடின்பரோவில் கண்டு 1975இல் வெளியிட்ட வீ-1 திடீர்மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். மொட்டுவிடாமல் நடுவே பிளந்து பெருகும் பிளவு ஈஸ்டில் அம்மாற்றமுள்ள செல்கள், இயல்பில் ஏறத்தாழப் பாதி அளவிலேயே பிரிந்தன. காரணம் பின்னர் விளங்கியது: பிரிதலை முடுக்கும் சிடிகே-1 நொதியின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அடக்கிவைப்பது வீ-1 மரபணு தரும் புரதத்தின் வேலை. அடக்குவது போனதும் பிரிதல் முந்திக்கொண்டது. ஆனால் அந்தச் செல்கள் அளவுக்கட்டுப்பாட்டை இழக்கவில்லை. நர்ஸும் தூரியோவும் 1977இல் காட்டியபடி, டிஎன்ஏ இரட்டிப்புக்கு முன்பாக, இயல்பான செல்லில் மறைந்துகிடந்த இன்னொரு அளவுச் சோதனை அவற்றில் வெளிப்பட்டது. சராசரி பாதியாகியும், சிறிதாய்ப் பிறந்தது கூடுதலாக வளர்ந்து ஈடுகட்டும் திறன் எஞ்சியிருந்தது.

எனவே ஒரு மரபணுவை நீக்கியதும் செல் சிறுத்தது என்பது, அம்மரபணு அளவை அறிகிறது என்பதற்குச் சான்றாகாது. பிரிதலுக்கான எந்தத் தடையை எடுத்தாலும் செல் சிறுக்கலாம். ஊட்டம் மிகுந்த ஊடகத்தில் வளரும் ஈஸ்டோ, மரபணு எதுவும் மாறாமலேயே பெரிய அளவில் ஸ்டார்ட்டைக் கடக்கிறது.

2015இல் ஷ்மோலர், ஸ்கோதைம் குழுவினர் முன்வைத்த நீர்த்தல் விளக்கம் இவ்வகையில் ஒரு படி மேலானது. வை-5 என்ற தடுப்புப் புரதம் சுழற்சியின் பிற்பகுதியில், செல் சிறிதாயினும் பெரிதாயினும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் உருவாகிறது. டிஎன்ஏ இரட்டிப்புக்கு முந்தைய ஜி-1 கட்டத்தில் புதிதாகச் சேர்வது குறைவு. செல் பருக்கப் பருக்க அதன் செறிவு இறங்குகிறது. முடுக்கியான சிஎல்என்-3இன் செறிவு அப்படியே நிற்கிறது. தடுப்பு நீர்த்து முடுக்கி மேலோங்கும்போது ஸ்டார்ட். சிறிய சேய் ஏன் அதிகம் காத்திருக்கிறது என்பதற்கு இதில் நேரடி விடை இருக்கிறது. ஆயினும் ஜி-1இல் வை-5இன் செறிவு பெரிதாக இறங்குவதில்லை என்று 2019இல் லிட்சியோஸ் குழுவினர் அறிவித்தனர். வை-5 அவ்வாறு சீராகச் சேராதபோதும் அளவுக்கட்டுப்பாடு நிலைப்பதை 2020இல் பார்பர், அமீர், மர்ரி ஆகியோர் காட்டினர். வை-5 ஸ்டார்ட்டின் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது என்பது உறுதி. அது ஒன்றே அளவுகோல் என்பதை ஏற்க முடியாது.

நாம் கேட்கவேண்டிய சான்றின் வடிவம் மனிதச் செல் ஆய்விலிருந்து கிடைத்திருக்கிறது. 2020இல் ஸடுலோவ்ஸ்கியும் ஸ்கோதைம் குழுவினரும் ஆர்பி என்ற தடுப்புப் புரதம் ஜி-1இல் நீர்த்துப்போவதைக் கண்டனர். அப்புரதத்தின் மரபணுவை நீக்கியபோது செல் சிறுத்தது. அதைவிட முக்கியமாக, பிறக்கும்போதுள்ள அளவுக்கும் ஜி-1இன் நீளத்துக்கும் இடையிலிருந்த எதிர்த்தொடர்பு அற்றுப்போனது. ஈஸ்டில் முன்மொழியப்படும் ஒவ்வொரு அளவுகோலையும் இந்த எதிர்த்தொடர்பு அற்றுப்போகிறதா என்பதை வைத்தே மறுபடி சோதிக்க வேண்டும்.