தொடுகறியும் கடையும்: பெருமாட்டி எல்லைப்பகுதியின் விருந்துச் சொற்கள் குறித்து

1. விருந்தினர் இலையில் கடைக்கறியை இடலாமா என்னும் வினா பெரும்பாலும் ஒழுக்க வினாவாகவே பேசப்படுகிறது. அவ்வினாவிற்கு மொழி வரலாறும் உண்டு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் ஊராட்சியாகும். பழைய கொச்சி அரசின் பகுதியாயிருந்த இவ்வட்டம் 1949இல் திருவிதாங்கூர்–கொச்சியிலும் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்திலும் அமைந்தது. இங்கு வழங்கும் இரு மொழிகளிலும் எவ்வுணவு 'வாங்கியது' எனக் கருதப்படுகிறது என்பதை வினைச்சொற்களே வரையறுக்கின்றன. பெயர்ச்சொற்களோ மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்கின்றன.

2. சோற்றுக்குத் துணையாகும் உணவைத் தமிழ் வட்டார வழக்குகள் தொடுகறி, வெஞ்சனம், கூட்டு எனப் பலவாறு வழங்கும். மலையாளத்தில் கூட்டான், ஒழிச்சுகறி, தொட்டுகூட்டான் என்பன வழங்கும். வடமொழி 'வ்யஞ்சன' என்பதிலிருந்து வந்த வெஞ்சனம் நீங்கலாக, இவற்றுட் பல சோற்றோடு நிகழும் செயலால் பெயர் பெற்றவை. தொடுதல், ஒழித்தல் (ஊற்றுதல்), கூட்டுதல் ஆகியனவே அச்செயல்கள். சோறின்றி நிற்கும் தனிப்பண்டத்தின் பெயர்களாக இவை தோன்றவில்லை.

3. சமைத்த உணவை விற்றல் தமிழகத்திற்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும் கூவியர் எனப்படும் அப்ப வணிகர் சுட்டப்பெறுகின்றனர். ஆயின் அவர்கள் விற்றது தின்பண்டமாகும். கறியின் இடம் வேறு. இடைக்காலக் கோயிற் கல்வெட்டுகளில் கறியமுதுக்கு மிளகு, புளி முதலிய பொருள்கள் அளவோடு ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பொருள் வெளியிலிருந்து வரலாம். அது கறியாவது மடைப்பள்ளி அடுப்பிலேயே.

4. இவ்வேறுபாடு இன்றைய வினைகளிலும் நிலைத்துள்ளது. கீழ்வரும் தொடர்களை ஒப்பிடுக:

(அ) குழம்பு வைத்தாள்.
(ஆ) அப்பளம் பொரித்தாள்.
(இ) கடையில் குழம்பு வாங்கினாள்.

மலையாளத்திலும் கறி 'வைக்க'ப்படுகிறது, பப்படம் 'காச்ச'ப்படுகிறது. கடையில் வாங்கிய அப்பளத்திற்கும் (ஆ) பொருந்தும். கடையில் வாங்கிய குழம்பிற்கு (அ) பொருந்தாது. அப்பளம், வடகம், வற்றல் ஆகியவற்றில் இறுதிச் செயல் வீட்டடுப்பில் நிகழ்வதால் அவை விலைப்பொருள் என்னும் குறையிலிருந்து தப்புகின்றன. மசாலைப் பொடியும் இவ்வகையதே. இடுக்கி மாவட்டத்து அடிமாலியில் 1983இல் தோன்றிய ஈஸ்டர்ன் நிறுவனத்தின் பொடியைப் பயன்படுத்துபவரும் கறி 'வைத்தேன்' என்றே கூறுவார். திருமணத்திற்குக் கூலிக்கு அமர்த்தப்படும் சமையற்காரர் வைக்கும் சாம்பாரையும் எவரும் கடைச் சாம்பார் என்பதில்லை. எனவே எல்லையை வகுப்பது கை அன்று, அடுப்பே எனலாம். உணவகப் 'பார்சல்' கறி ஒன்றே இவ்வெல்லையை மீறுகிறது. அதற்குரிய வினைகள் வாங்குதல், சூடாக்குதல், பரிமாறுதல் என்பனவாக நின்றுவிடுகின்றன.

5. பெயர்ச்சொல்லின் இடர்ப்பாட்டிற்கு 'உப்பேரி' சிறந்த சான்று. பாலக்காட்டுப் பகுதியில் இது வீட்டில் சமைக்கும் பொரியல் வகையைக் குறிக்கும். பழைய திருவிதாங்கூர்ப் பகுதிகளிலோ எண்ணெயில் வறுத்த நேந்திரங்காய்ச் சீவலைக் குறிக்கும். தேவிகுளம், பீருமேடு வட்டங்களைக் கொண்ட இடுக்கி இவ்விரண்டாம் வழக்கின் பக்கத்தது. 'விருந்துக்கு உப்பேரி வாங்கி வந்தார்' என்னும் தொடர் அங்கு இயல்பான விருந்தினர் வழக்கத்தைச் சுட்டும். பெருமாட்டியிலோ சமைத்த கறியை விலைக்கு வாங்கியதாகப் பொருள்படும். இரண்டையும் 'பொரியல்' எனத் தமிழ்ப்படுத்தினால் இடுக்கி விருந்தினர்மேல் இல்லாத குறை ஏறும். 'வறுவல்' எனத் தமிழ்ப்படுத்தினால் பெருமாட்டி விருந்தினரின் தயக்கம் மறையும்.

6. அடுப்பெல்லைக்கு ஒரு விலக்கும் இப்பகுதியிலேயே உண்டு. பெருமாட்டிக்கு வடக்கே, எலப்புள்ளி ஊராட்சியைச் சார்ந்த ராமசேரியில், காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்தோர் எனக் கூறப்படும் முதலியார் குடும்பங்கள் இட்டலி செய்து விற்கின்றன. மட்பாண்ட வாயில் நூல்வலை கட்டித் துணி விரித்து அவித்தெடுக்கும் தட்டையான இட்டலி அது. தொட்டுக்கொள்ளப் பொடியும் சட்னியும் உடன் வரும். இதனை விருந்தில் இடுவோர் மறைப்பதில்லை; 'ராமசேரி இட்டலி' எனப் பெயர் சொல்லியே இடுகின்றனர். இங்கு வீட்டடுப்பின் இடத்தை ஊர்ப்பெயர் நிரப்புகிறது. செய்தவர் இன்னார் என்பது தெரிந்தால் விலை இழிவாகாது.

7. ஆகவே 'வீட்டில் செய்தது – கடையில் வாங்கியது' என்னும் இருமைப் பாகுபாடு இவ்வழக்கை விளக்கப் போதாது. வீட்டில் வைத்தது, வீட்டில் முடித்தது, பெயரறிந்து வாங்கியது, பெயரின்றி வாங்கியது என நான்கு நிலைகளை வேறுபடுத்த வேண்டும். தயக்கமும் மௌனமும் சூழ்வது நான்காம் நிலையை மட்டுமே. அந்நிலையிலும் உழைத்த கை உண்டு. கேரளத்தில் 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் உணவுக் குழுக்களில் கறி வைப்பவரும் பெண்களே. தம் வீட்டில் அவர்கள் 'வைத்த' கறி, விலைக்கு வந்தவுடன் பிறர் 'வாங்கிய' கறியாகிறது. வினை மாறும்போது எழுவாயும் மறைகிறது. வாங்கிப் பரிமாறிய இல்லத்தரசியைக் குறைகூறும் சொல், உண்மையில் இரு பெண்களின் உழைப்பைப் பற்றிய தீர்ப்பாகும். மூலத்தில் 'வாங்கிய' என்னும் அடையைக் காணும் மொழிபெயர்ப்பாளர், அது எந்நிலையைச் சுட்டுகிறது என்பதைத் தெளிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.