சிகாகோ ஆய்வகப் பள்ளியில் ஆசிரியர்களின் இடம் (1896–1904)

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி 1896 சனவரியில் தொடங்கிய தொடக்கப்பள்ளி, பெரும்பாலும் அவருடைய கல்விக் கோட்பாட்டின் விளக்கமாகவே பேசப்படுகிறது. அதை நாள்தோறும் நடத்திய ஆசிரியர்கள், அவர்களுள் பெரும்பாலோரான பெண்கள், அப்பேச்சில் பின்னுக்குச் சென்றுவிடுகின்றனர். அப்பள்ளிக்குரிய 'ஆய்வகம்' என்னும் பெயரே டூயியுடன் பணியாற்றிய எல்லா பிளாக் யங் முன்மொழிந்தது.

பதினாறு குழந்தைகளுடன் தொடங்கிய இப்பள்ளி, ஆசிரியர் பயிற்சிக்கென நம்மிடையே வழங்கும் மாதிரிப் பள்ளி போன்றதன்று. இயற்பியலுக்கு ஆய்வகம் எவ்வாறோ அவ்வாறே கல்வியியலுக்குப் பள்ளி என்பது டூயியின் கருத்து. கோட்பாடு சரியா என்பது வகுப்பறையில் தெரியவேண்டும். தெரிவிக்க வேண்டியவர் ஆசிரியர். வாராந்தரக் கூட்டங்களிலும் எழுத்து அறிக்கைகளிலும் அவர்கள் அதனைச் செய்தனர்.

டூயி 1899இல் பெற்றோர் முன் ஆற்றிய உரைகளில் ஒரு வகுப்பை விவரிக்கிறார். குழந்தைகளிடம் பஞ்சும் கம்பளி மயிரும் தரப்பட்டன. கையால் கொட்டை நீக்கிப் பார்த்தபோது அரைமணி நேர உழைப்பில் ஓர் அவுன்சுக்கும் குறைவான பஞ்சே கிடைத்தது. கம்பளி இழை நீளமானது, சொரசொரப்பானது, ஒன்றோடொன்று பற்றிக்கொள்வது. பருத்தி இழையோ குட்டையானது, வழவழப்பானது. கம்பளித் தொழிலை விடப் பருத்தித் தொழில் ஏன் பிந்தி வளர்ந்தது என்பதைக் குழந்தைகள் தாமே கண்டனர். இது ஐரோப்பிய அனுபவத்திற்கே பொருந்தும் விடை. பருத்தியே முற்பட்டு வளர்ந்த இந்தியாவில் வினாவே வேறாகியிருக்கும். எனினும் பாடநூலின் துணையின்றிக் கைப்பொருளிலிருந்து ஒரு வரலாற்று வினாவை எழுப்பியது அவ்வகுப்பின் சாதனையே.

பிரான்சிஸ் பார்க்கரின் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் அனிட்டா மக்கார்மிக் பிளெயினின் நன்கொடையுடன் 1901இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. அதனோடு ஒரு பயிற்சிப் பள்ளியும் வந்தது. பார்க்கர் 1902இல் மறைந்தார்; 1903இல் இரு பள்ளிகளும் ஒன்றாக்கப்பட்டு, டூயியின் மனைவி ஆலிஸ் டூயி தலைமையாசிரியரானார். பார்க்கரின் ஆசிரியர்கள் இதனை எதிர்த்தனர். அப்பொறுப்பு ஓராண்டுக்கே உரியதெனப் பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பர் கருதியிருந்தது 1904இல் வெளிப்பட்டது. டூயி இணையர் பதவி விலகினர். டூயி கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார்.

இம்முடிவைக் குடும்பப் பூசலாகச் சுருக்குவது போதாது. ஆசிரியரை உருவாக்கும் பள்ளி ஒன்று. ஆசிரியரே ஆய்வாளராகும் பள்ளி மற்றொன்று. இரண்டையும் ஒரே நிருவாகத்தில் அடக்கியவர்கள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. ஆலிஸின் பதவி குறித்த பிணக்கு அதனை விரைவுபடுத்தியது எனலாம்.

பள்ளியின் பாடமுறையை விரிவாகப் பதிவுசெய்த நூல் 1936இல்தான் வெளிவந்தது. அதனை எழுதியோர் அங்குக் கற்பித்த சகோதரியரான கேத்தரின் கேம்ப் மேஹ்யூ, அன்னா கேம்ப் எட்வர்ட்ஸ் ஆகிய இருவர்.