வெட்டப்பட்ட வெண்கல நங்கை

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்றொரு நகரம் உண்டு. அங்கே உட்வர்ட் பூங்காவை அடுத்து, நகர வரலாற்றுக் கழகத்தின் தோட்டத்தில் ஐந்து வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஐந்தும் பாலே நடன மங்கையரின் சிலைகள். மான்டி இங்கிலண்ட், கேரி ஹென்சன் என்னும் சிற்பிகள் வடித்த இத்தொகுதி 2007-இல் நிறுவப்பட்டது. 'ஐந்து நிலவுகள்' என்பது அதன் பெயர்.

ஐவரும் அமெரிக்க ஆதிக்குடிகளின் வழிவந்தவர்கள். செவ்விந்தியர் என்று நம் பழைய பாடநூல்கள் குறிப்பிட்டனவே, அம்மக்கள்தாம். ஐவருள் இருவர் உடன்பிறந்தவர்கள்: அக்காள் மரியா டால்சீஃப், தங்கை மார்ஜரி டால்சீஃப். ஓசேஜ் என்னும் குடியினர்.

ஓசேஜ் மக்களின் வரலாறு கண்ணீர் நிறைந்தது. கான்சாஸிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர்கள், 1870-களில் தங்கள் சொந்தப் பணத்தில் ஓக்லஹோமாவில் கரட்டு நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். பின்னர் அந்நிலத்தின் அடியில் எண்ணெய் கிடைத்தது. செல்வம் குவிந்தது. 1920-களில் அச்செல்வத்தின் பொருட்டே அவர்களுள் பலர் கொலையுண்டனர். அந்தக் காலத்தில்தான், 1925-இல் மரியாவும் 1926-இல் மார்ஜரியும் பிறந்தார்கள். குடியின் சடங்கு ஆடல்களுக்கு அரசு தடை விதித்திருந்த நாள்கள் அவை. ஒதுக்குப்புறங்களில் மறைவாக நடந்த ஆட்டங்களுக்குப் பாட்டியார் பேத்திகளை அழைத்துச் செல்வாராம்.

மரியா 1942-இல் ஒரு ருஷ்ய பாலே குழுவில் சேர்ந்தார். பாலே என்றால் ருஷ்யா என்றிருந்த காலம். குடும்பப் பெயரை 'டால்சீவா' என்று ருஷ்யப் பெயர்போல் மாற்றிக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தினார்கள். அவர் இணங்கவில்லை. இரு சொல்லாக இருந்த குடும்பப் பெயரை ஒரு சொல்லாக்கியதோடு சரி. கிராணியின் பேனா நம் பாட்டன்மார் பெயர்களை எப்படியெல்லாம் திருத்தியது என்பதைத் தோட்டத்துப் பதிவேடுகளைப் புரட்டியவர் அறிவர். அந்த மறுப்பின் அருமையும் அவர்களுக்குப் புரியும். 1949-இல் நியூயார்க்கில் 'நெருப்புப் பறவை' என்னும் நாட்டியத்தை அந்தப் பெயரோடுதான் ஆடிப் புகழ் பெற்றார். தங்கை மார்ஜரியோ 1957-இல் பாரிஸ் ஓபராவின் முதன்மை நட்சத்திர நடன மங்கையானார். அமெரிக்க ஆதிக்குடியினருள் அப்பதவியை முதன்முதல் அடைந்தவர் அவரே.

ஐவருள் கடைசியாக வாழ்ந்திருந்த மார்ஜரி 2021 நவம்பரில் காலமானார். ஐந்து மாதம் கழித்து, 2022 ஏப்ரல் இறுதியில், அவருடைய சிலை பீடத்திலிருந்து காணாமற்போயிற்று. களவாடியவர்களுக்கு அது கலைப்பொருளன்று. வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு. செம்புக்கு எடைக்கு எடை காசு. சிலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள். நகருக்கு அருகிலிருந்த உலோகக் கிடங்கு ஒன்றில் சில துண்டுகள் அகப்பட்டன. தோட்டத்தில் நால்வர் நிற்க, ஒரு பீடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பின்னர் ஹென்சனே அச்சிலையை மீண்டும் உருவாக்க, மார்ஜரி தம் இடத்துக்குத் திரும்பினார்.

2023-இல் அமெரிக்க அரசு மரியாவின் உருவம் பொறித்த 25 காசு நாணயம் வெளியிட்டது. அதில் அவருடைய ஓசேஜ் பெயர் ஓசேஜ் எழுத்துகளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.