மூன்றாம் நாள் மருந்தும் இருபதாம் நாள் புழுவும்: காரியாபட்டிக் கரிசலில் மக்காச்சோளப் பயிர்ப் பாதுகாப்பு

காரியாபட்டி வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் விதைக்கும் விவசாயி மூன்றாம் நாளில் களைக்காக எடுக்கும் முடிவு, இருபதாம் நாளில் அவர் குருத்துக்குள் பார்க்கப்போகும் புழுவின் எண்ணிக்கையை மாற்றக்கூடும். நம் ஆராய்ச்சி நிலையங்களில் களை உழவியல் துறைக்கும், புழு பூச்சியியல் துறைக்கும், தண்டழுகல் நோயியல் துறைக்கும் உரியவை. மூன்று துறைகளும் தத்தம் எல்லைக்குள் நல்ல வேலை செய்திருக்கின்றன. ஆனால் மூன்றின் பரிந்துரைகளும் ஒரே நிலத்தில் வந்து சேரும்போது ஒன்றின் பலனை மற்றொன்று அழிக்கிறது. மானாவாரியில் அந்த மோதலையே முதல் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் புழு. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் பதிவாயிற்று. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் தென்பட்டது. அதே ஆண்டில் தமிழகத்துக்கும் வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் பாதிக்கப்பட்ட மக்காச்சோள விவசாயிகளுக்குத் தமிழக அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் ஒதுக்கியது. பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்த கரிசல், கோழித் தீவனத் தேவையை நம்பி வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு மாறியிருந்த காலம் அது. பல ஊர்களிலும் ஒரே பயிர் என்பதால் புழுவுக்கு இடைவெளி இல்லாத விருந்து கிடைத்தது.

இந்தப் புழுவைக் கட்டுப்படுத்துவது கடினமாக இருப்பதற்குக் காரணம் அது வாழும் இடம். தாய் அந்துப்பூச்சி இலையில் நூறு இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடல் செதில்களால் மூடிவிடும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டுவதால் கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சில நாட்களில் அவை குருத்துக்குள் இறங்கிவிடும். வளர்ந்த புழுக்கள் ஒன்றையொன்று தின்பதால், கடைசியில் பெரும்பாலும் ஒரு குருத்துக்கு ஒரு புழுதான் மிஞ்சும். தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்துபோல் ஒரு கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். விவசாயிகள் இன்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிறார்கள். ஈர மரத்தூள்போல் எச்சம் குருத்தை அடைத்துக்கொண்ட பிறகு மேலே தெளிக்கும் மருந்து புழுவைத் தொடுவதில்லை. ஆகவே, வெற்றியும் தோல்வியும் முதல் மூன்று வாரத்திலேயே முடிவாகிவிடுகின்றன.

இதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை மருந்தோடு நிற்கவில்லை. கோடை உழவு, ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, ஊடுபயிராக உளுந்தோ பாசிப்பயறோ, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி என அது விரிகிறது. பயறு வகைகளுக்கு இதில் உள்ள பங்கு முக்கியமானது. பொறிவண்டு, சிலந்தி, முட்டை ஒட்டுண்ணிக் குளவி ஆகியவற்றுக்கு மக்காச்சோளம் மட்டும் நிற்கும் நிலத்தில் தொடக்க நாட்களில் இரையோ தேனோ நிழலோ கிடைப்பதில்லை. பயறு அதைத் தருகிறது.

இனிக் களைக்கு வருவோம். கரிசல் மழையில் உப்பி, சேறாகிவிடும் மண். நல்ல மழை பெய்தால் பல நாட்கள் காலை வைக்க முடியாது. அதற்குள் சாரணையும் தொய்யக்கீரையும் கோரையும் பயிரை முந்திவிடும். பதம் வந்து இறங்கும் நேரத்தில் களையெடுக்கப் பெண்கள் கிடைப்பது அரிது. ஒருபுறம் அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைகள், மறுபுறம் சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் என மாவட்டத்தின் உழைப்பு இரண்டு பக்கமும் இழுக்கப்படுகிறது. புரட்டாசியில் விதைத்த நிலத்துக்குக் களைவெட்டு தேவைப்படும் வாரங்களே பட்டாசுத் தொழிலில் தீபாவளிக்கு முந்திய பரபரப்பான வாரங்கள். இந்த நிலையில் மூன்றாம் நாள் ஒரு தெளிப்பில் வேலையை முடித்துத் தரும் அட்ரசினை விவசாயி நாடுவதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அட்ரசின் ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் மருந்து. மக்காச்சோளத்தால் அதைத் தன் உடலுக்குள் முறித்துக்கொள்ள முடியும்; உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் அந்தத் திறன் இல்லை, முளைத்ததும் கருகிவிடும். பயறு ஊடுபயிரானால் அட்ரசின் கூடாது, பெண்டிமெத்தலின் பயன்படுத்துக என்று பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை களைப் பகுதியில் இருக்கிறது. பயறு போடச் சொல்லும் வரி பூச்சிப் பகுதியில் இருக்கிறது. உரக்கடையில் நிற்பவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல யாரும் இல்லை. காரத்தன்மையுள்ள இந்த மண்ணில் அட்ரசின் சிதைவதும் மெதுவாக நடக்கும். அதனால் அடுத்து விதைக்கும் பயறும் பாதிக்கப்படலாம். விளைவாக, களை மருந்து அடித்த நிலத்தில் புழுவுக்கு எதிராக மிச்சமிருப்பது பூச்சிமருந்து மட்டுமே.

ஊடுபயிர் என்றாலே நன்மை என்று முடிவு கட்டவும் கூடாது. கென்யாவில் உள்ள பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு நிறுவனமான இசிபே, மக்காச்சோளத்தின் நடுவே டெஸ்மோடியம் என்ற பயறினச் செடியும் சுற்றிலும் தீவனப் புல்லும் வைத்த வயல்களில் செடிக்கு உள்ள படைப்புழுக்கள் 82.7 விழுக்காடு குறைந்ததாக 2018-இல் வெளியிட்டது. அந்த முறை தண்டுத் துளைப்பானையும் நம் சோளக்காட்டில் சுடுமல்லி எனப்படும் ஒட்டுண்ணிக் களையின் இனத்தையும் ஒருசேர அடக்க உருவானது என்பதுதான் நமக்கு முக்கியம்; களையையும் பூச்சியையும் ஒரே கேள்வியாகப் பார்த்ததன் பலன் அது. மறுபுறம் ஜிம்பாப்வேயில் விவசாயிகளின் வயல்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, பூசணியை ஊடுபயிராக்கிய இடத்தில் பாதிப்பு கூடியதையும், அடிக்கடி களையெடுத்த இடத்தில் குறைந்ததையும் காட்டியது. புல்வகைக் களைகள் புழுவுக்கு மாற்று உணவு. ஆக, எந்தப் பயிர் நடுவில் நிற்கிறது, எந்தக் களை விடப்படுகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. சாரணையும் அருகும் கோரையும் இதில் சமமானவை அல்ல. கையால் பிடுங்கிய தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் சமையலுக்கும் ஆட்டுக்கும் போகும் ஊர்களில் களையின் மதிப்பைச் சுழியம் என்று வைத்துக் கணக்கிடுவதும் தவறு.

நோய் இதில் இன்னொரு முடிச்சு. பூக்கும் தறுவாயில் மழை பொய்த்தால் மண்ணில் வாழும் மேக்ரோபோமினா பூசணம் மக்காச்சோளத் தண்டைத் தாக்கும். தண்டைப் பிளந்தால் உள்ளே கரித்தூள் தூவியதுபோல் இருக்கும். இதே பூசணம்தான் உளுந்திலும் எள்ளிலும் வேரழுகலை உண்டாக்குகிறது. புழுவுக்காக நாம் வரவேற்கும் பயறு, நோய்க்கு ஒரு பாலமாகிவிடும் வாய்ப்பு உண்டு. ஈரத்துக்கும் அது போட்டியிடும். டிரைக்கோடெர்மா விதை நேர்த்தியும் தொழுவுரமும் ஓரளவு உதவும். எனினும் பயறு தரும் இயற்கை எதிரிகளின் நன்மை பெரிதா, பூசணப் பெருக்கத்தின் தீமை பெரிதா என்பதை ஒரே வயலில், வறண்ட ஆண்டும் நல்ல ஆண்டும் சேர்த்து அளந்தால்தான் சொல்ல முடியும்.

அப்படி அளப்பதற்கான இடம் அருகிலேயே இருக்கிறது. அருப்புக்கோட்டையில் மண்டல ஆராய்ச்சி நிலையமும், 1901 முதல் மானாவாரியை ஆய்ந்துவரும் கோவில்பட்டி நிலையமும் இதே கரிசலின் நிலையங்கள். ஆனால் சோதனை நிலையத்துச் சிறு பாத்தியில் இதைச் செய்யக் கூடாது. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய அந்துப்பூச்சிக்குப் பாத்தி எல்லை கிடையாது. ஒரு மழைக்கு விதைத்த வயலுக்கும் அடுத்த மழைக்கு விதைத்த வயலுக்கும் இடையே உள்ள நாட்களே அதற்குப் பாலம். எனவே சோதனையின் அலகு ஊராக இருக்க வேண்டும். ஒரு ஊரில் வழக்கப்படி அட்ரசின். இன்னொன்றில் உளுந்து ஊடுபயிரும் பெண்டிமெத்தலினும். மூன்றாவதில், மக்காச்சோள வரிசைமேல் மட்டும் பட்டையாக அட்ரசின் தெளித்து, வரப்போரம் சில மீட்டர் மருந்தே படாமல் தட்டைப்பயறு. என் கணிப்பில் மூன்றாவதுதான் விவசாயி ஏற்கக்கூடிய வழி; அந்த ஓரம் எவ்வளவு அகலம் இருந்தால் போதும் என்பதற்கும் அங்கே விடை கிடைக்கும்.

பூச்சிமருந்து தெளிப்பதற்கான பாதிப்பு வரம்பையும் அந்த ஊர்களிலேயே சோதிக்கலாம். நடுவண் அரசின் அறிவுரை, நாற்றுப் பருவத்தில் 5 விழுக்காடு பாதிப்புக்கு வேப்பங்கொட்டைச் சாறும், அடுத்த கட்டத்தில் 10 முதல் 20 விழுக்காட்டுக்கு இரசாயனமும் என்கிறது. மகசூல் மழையைப் பொறுத்திருக்கும் நிலத்தில், எதிர்பார்க்கும் விளைச்சல் பாதியானால் தெளிப்புச் செலவைத் திருப்பித் தரும் பாதிப்பு அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். இந்தக் கணக்கு காரியாபட்டி விவசாயியின் கையில் இல்லாததால்தான் அவர் மழை வராத ஆண்டிலும் முழு அளவு மருந்துக்குக் கடன் படுகிறார். சோதனைக்கான ஊர்களையும் விதையையும் வரப்புப் பயிரையும் ஆவணிக்குள் முடிவு செய்துவிட வேண்டும். புரட்டாசி மழை விழுந்த பிறகு மூன்று துறையும் கூடிப் பேச மூன்று நாள் கூட இருக்காது.