காற்றைக் கட்டியவர்கள் – 9: நீலப் புகை

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஷி 1905-இல் காப்புரிமை வாங்கிய கதையோடு சென்ற வாரம் நிறுத்தினோம். வீணாகும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்ற வேண்டும்; அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க வேண்டும். இவ்வளவுதான் டர்போ என்னும் யோசனை. அது பலிக்க இருபது வருஷம் ஆனது. 1925-இல் பத்து சிலிண்டர் கப்பல் டீசல் ஒன்றின் சக்தி 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு ஏறியது.

இனி 1962.

அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. எஞ்சின் தட்டாமலிருக்க வடிநீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியில் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ந்தால் டர்போ அடங்கிவிடும். வாங்கிய மகராசர்களில் பலர் நிரப்பவே இல்லை. வண்டி இழுக்கவில்லை என்று வந்து நின்றார்கள். கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது.

அதே வருஷம் இந்தியாவுக்கு ஆல்கோ கம்பெனியின் டபிள்யூடிஎம்-2 டீசல் ரயில் எஞ்சின் வந்திறங்கியது. 2,600 குதிரைத்திறன், அதிலும் டர்போ. மீட்டர் கேஜுக்கு அதன் தம்பி ஒய்டிஎம்-4. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ்ஸோடு பஸ்ஸாகக் காத்துக்கிடந்தவர்களுக்கு அந்தத் தம்பியைத் தெரியும். கிளம்பும்போது கரும்புகையை அள்ளிக் கொட்டும், சற்றுப் பொறுத்துத் தெளியும். டீசல் முந்திக்கொள்ள, டர்போ வேகம் பிடித்துக் காற்றைக் கொண்டுவரத் தாமதமாவதால் வரும் கறுப்பு அது. பயப்பட ஒன்றுமில்லை. புகை நீலமானால்தான் வினை: எண்ணெய் எரிகிறது.

ஜெட்ஃபயரில் கழற்றப்பட்டது ரயிலில் மட்டும் எப்படி நிலைத்தது? கவனிக்க ஆள் இருந்தது என்பதே என் பதில். எஞ்சினை நிறுத்திய பிறகு டர்போ தானாகச் சுற்றி ஓய எத்தனை நொடி ஆகிறது என்று டீசல் ஷெட்டில் எண்ணிப் பார்ப்பார்கள். சட்டென்று நின்றால் பேரிங் பிடிக்கிறது.

கார் டர்போ கைக்கு அடக்கம். ஆனால் அதன் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி. வீட்டுத் திண்ணையில் பிரிக்கத் துணிகிறவர் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுத் தண்டின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டட்டும். பக்கவாட்டில் இம்மி ஆடினால் சகஜம். முன்னும் பின்னும் ஆடினால் த்ரஸ்ட் பேரிங் போயிற்று. பிரிக்கும் முன் கூடுகள் எந்த வாக்கில் இருந்தன என்று கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு பல டர்போக்களில் இடமரை. வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும்.

இப்போது ஒரு சிக்கல். பேரிங் சுத்தம், சீலும் புதுசு, பாலன்ஸ் பார்த்து மாட்டியாயிற்று. வண்டியைக் கிளப்பினால் மறுபடி நீலப் புகை! புது டர்போவையே வாங்கி மாட்டினாலும் அதே ஒழுக்கு.

டெல்டாக்காரருக்கு ஒரு துப்பு. டர்போவுக்கு எண்ணெய் வருவது பம்ப் அழுத்தத்தில், பாய்ச்சல் வாய்க்கால் மாதிரி. திரும்புவதோ வெறும் சரிவை நம்பி, வடிகாலில். அந்த வடிகாலை மறித்தது யார்? குற்றவாளி டர்போவுக்குள் இல்லவே இல்லை, எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கிறான்.

(தொடரும்)