மனுவும் பட்டாவும்

மார்கரெட் கஸின்ஸை நம்மில் பலர், ‘ஜன கண மன’வுக்கு மதனப்பள்ளியில் ஸ்வரக் குறிப்பு எழுதிய ஐரிஷ் பெண்மணியாக மட்டுமே அறிவோம். இது போதாது. பெண்களின் ஓட்டுரிமைக்காக 1910ல் லண்டன் ஹாலோவே சிறையிலும், 1913ல் அயர்லாந்தின் டல்லமோர் சிறையிலும் இருந்துவிட்டு, 1915ல் இந்தியா வந்தவர் அவர். 1917ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றியதில் முக்கியப் பங்கு அவருடையது.

அதே ஆண்டு இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வருகிறார். பெண் கல்வி பற்றி முறையிட கஸின்ஸ் அனுமதி கேட்கிறார். அரசியல் விஷயமாக வரும் தூதுக்குழுக்களைத்தான் மந்திரி சந்திப்பார் என்று பதில் வருகிறது. உடனே மனுவில் ஓட்டுரிமை ஏறிவிடுகிறது. டிசம்பர் 18ந் தேதி சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் அதைக் கொடுத்தார்கள். பாங்கு குமாஸ்தாவான எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆபீஸ் விதியையே தன் கோரிக்கைக்கு வாசலாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது.

ஆண்களுக்குள்ள அதே வாய்ப்பு பெண்களுக்கும் வேண்டும் என்பதே மனுவின் சாரம். 1919ஆம் வருஷச் சட்டம் முடிவை மாகாண சபைகளிடம் விட்டது. 1921ல் மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை இசைந்தது. 1927ல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் துணைத் தலைவரானார். எல்லாம் சரி. ஆனால் அந்த ‘அதே’ என்ற சொல் என்னை உறுத்துகிறது. ஆணின் ஓட்டு சொத்தையும் வரியையும் பற்றிக்கொண்டு நின்றது. பெண் பெயரில் சொத்து எத்தனை வீட்டில் இருந்தது? கதவு திறந்தது, நுழைந்தவர்கள் சிலர்.

இதைக் கொண்டு அது மேட்டுக்குடிப் பெண்களின் இயக்கம் என்று ஒதுக்குவது சுலபம். நான் ஒதுக்கமாட்டேன். சொத்து விதி அவர்கள் எழுதியதல்ல. அரசியல் சாசனம் 1950ல் ஓட்டைச் சொத்திலிருந்து பிரித்தது. சொத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் வேலை பார்ப்பது கள்ளக்குறிச்சியில். மேற்கே கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களிடம் இருந்த பூமி. போன மாதம் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கடன் கேட்டு வந்தார். பட்டா யார் பேரில் என்று கேட்டேன்.

“பட்டா இல்லீங்க சார். ஓட்டு அட்டைதான் எம் பேர்ல இருக்கு” என்று எடுத்து நீட்டினார்.

1921க்கும் இன்றைக்கும் நடுவே உள்ள தூரம் முழுவதும் அந்த அட்டையில் இருந்தது. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான்.